அறிவித்தல்

வற்றாப்பளைக்கு நான் கும்பிடப் போவதில்லை,
சத்தம் கட்டப் போகிறவன்.
நாலு கோர்ன், இரண்டு பெட்டி, வயதுபோன அம்பிளிபயர் ஒன்று,
எல்லாம் லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு
வைகாசிப் பொங்கலுக்கு முதல்நாளே இறங்கிவிடுவேன்.
மூன்று வாய் சனத்துக்கு.
நாலாவதை நந்திக்கடலுக்கு நேரே கட்டுவேன்.
'அங்கால ஆர் கேக்கிறது?' என்றார்கள் சபையில்.
'மரம் அப்பிடி நிக்குது' என்றேன்.

உப்புத்தண்ணியில் விளக்கெரியும் கோயில்.
பதினொரு வருசம், விளக்கை நான் பார்த்ததில்லை.
வயரை விட்டு எழும்பினால் யாராவது இடறுவார்கள்,
சிலம்பு உடைகிற இடத்தில் பாட்டு அறுந்துபோகும்.
பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன்.
அது காணும்.

ஒன்பது மணிக்குப் பிறகு துண்டுகள் வரத் தொடங்கும்.
பஸ் ரிக்கற், சிகரெட் மட்டை, கச்சான் சுற்றின கொப்பித்தாள்.
'பச்சைச் சேர்ட், வயது ஐந்து, பேர் கேட்டால் அழுகிறார்,
எங்களோடு நிற்கிறார்.'
'மோட்டார்சைக்கிள் திறப்பு ஒன்று, ஆமைப் பொம்மை கோத்தது.'
'ஒட்டுசுட்டான் சிவபாக்கியம், உங்கட வான் வெளிக்கிடப் போகுது.'
காணாமல் போனவர் என்று
நான் மைக்கில் சொல்வதில்லை.
தவறிய பிள்ளை என்றும் சொல்வதில்லை.
எங்களோடு நிற்கிறார்.
அவ்வளவுதான்.

போன வருசம், காவடிகள் திரும்பிவிட்ட நேரம்,
அளம்பிலில் இருந்து ஒரு அக்கா.
சேலைத் தலைப்பில் நாலாய் மடித்த துண்டு:
மயூரதன். வேப்பமரத்தடிக்கு வா. அக்கா நிற்கிறன்.
'வயது எழுதேல்லையே?'
என் பேனையை வாங்கினாள்.
கனநேரம் பிடித்திருந்தாள்.
'எந்த வயசை எழுத?'
பேனையைத் திருப்பித் தந்தாள்.

மூன்று தரம் வாசித்தேன்.
இரண்டாந்தரம் நாலாவது கோர்ன் இரைந்தது,
அம்பிளிபயரின் தலையில் ஒரு தட்டு, பிறகு மூன்றாந்தரம்.

கால் மணி இருக்காது.
தலைக்கவசத்தை முழங்கையில் கொழுவிக்கொண்டு ஒரு பெடியன்,
'மயூரதன் நான்தான். ஆர் கூப்பிட்டது?'
விசுவமடு. இருபதுக்குள் இருக்கும்.
விளங்கப்படுத்த எழும்பினேன்,
என் காலே வயரில் இடறி
பாட்டு அறுந்தது.

ஐஸ்கிறீம் வானின் மணி மட்டும் தூரத்தில்.
சந்தையில் மிச்சக்காசு எண்ணுகிறவள் மாதிரி
அவனை ஒருதரம் பார்த்தாள். திரும்ப ஒருதரம்.
'சாப்பிட்டியா?'
அவன் என்னைப் பார்த்தான். நான் வயரைப் பார்த்தேன்.
'இல்லை அக்கா.'

வாழையிலையில் புக்கை, இன்னும் சூடு.
வேப்பமரத்தடியில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டான்.
அடிப்பிடித்ததை விளிம்புக்கு ஒதுக்கினான்.
தம்பியும் அப்படித்தான் என்று
சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.
'அதையும் தின்' என்றாள்.
தின்றான்.

வெளிக்கிடும்போது என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி,
'அண்ணை, அடுத்த வருசமும் கூப்பிடுவீங்களோ?'
'ஒப்பந்தம் எனக்குக் கிடைச்சால்.'
தலைக்கவசத்தைப் போட்டுவிட்டுத் திரும்பக் கழற்றி
கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டான்.
அவள் அப்போது இலையைக் கொண்டுபோய்
மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

விடிய, கோர்ன்களை இறக்கினேன்.
நாலாவதின் வாய்க்குள் உப்புப் படிந்திருந்தது.
விரலால் வழித்து சாரத்தில் துடைத்தேன்.
பெட்டிக்கு மேல் பச்சைச் சேர்ட் நித்திரை,
வாயோரம் வீணி.
இரவு முழுக்க வாசித்த அதே துண்டை
இன்னொருக்கால் வாசிக்க மைக்கைத் தேடுகையில்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
மணலில் ஒருவன் ஓடி வந்தான்.
'மற்ற வானில இருக்கிறான் எண்டு நினைச்சம்,' என்றான்,
'மற்ற வானில இருக்கிறான் எண்டுதான் நினைச்சம்.'